ஆயிஷா இனி வாழட்டும்!

திரைப்படம் வெளிவரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் இளைஞர் கூட்டம் நாட்டிலே பெரிது. ஒரு புதினம் வெளிவரும் நாளை எண்ணிக் காத்திருப்போர் கூட்டமோ மிகச் சிறிது. அந்தச் சிறு கூட்டத்திலே நாமும் இருக்கிறோம். 'ஆயிஷா' தந்த இரா. நடராசன் அவர்களின் பேனாவிலிருந்து, இளையோர்க்கென அடுத்த புதினம் எப்போது பிறக்கும் என்று எதிர்நோக்கி நிற்கிறோம்.

ஏன் இந்த ஆவல்? பாட்டி சொன்ன கதை சலித்துவிட்ட வயது. பெரியவர்க்கான இலக்கியம் இன்னும் கைக்கெட்டாத வயது. பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பருவத்தார்க்குத் தமிழிலே இருக்கும் நூல்கள் எத்தனை? அலமாரி காலியாக இருந்தால் மனமும் காலியாகவா இருக்கும்? சாதிப் பெருமை புகும், சோதிடம் புகும், திரை மயக்கம் புகும்!

'ஆயிஷா' நெடிய கதையன்று. அறிவியல் நூல் ஒன்றுக்கு ஓர் ஆசிரியை எழுதும் முன்னுரையாகவே அது அமைந்திருக்கிறது. கேள்வி கேட்கும் சிறுமி ஒருத்தி. கேள்விக்குப் பிரம்பால் விடை தரும் பள்ளி. அடியின் வலி தெரியாதிருக்க வழி தேடினாள், மருந்தைத் தன் உடலிலேயே சோதித்தாள், மாண்டாள். அவளைக் கொன்றது மருந்தா? இல்லை, வினாவைக் குற்றமாக்கிய வகுப்பறை! கண்ணீர் சிந்திவிட்டு மறந்துவிடக்கூடிய கதையல்ல அது. ஆசிரியர் குலத்தின்மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை.

அந்தப் பத்திரிகையிலே நம் பெயரும் உண்டு. ஐயம்பேட்டையிலே தறியோசை கேட்டு வளர்ந்த மாணவி ஒருத்தி, வகுப்பு நடுவே எழுந்து நம்மைக் கேட்டாள்: "ஐயா, எங்கள் வீட்டுத் தறியின் மேலே சுழலும் அட்டையிலே வெறும் துளைகள்தான் இருக்கின்றன. சேலையிலோ அன்னமும் மயிலும் வருகின்றன. துளைக்கு மயில் எப்படித் தெரியும்?" நாம் பிரம்பை எடுக்கவில்லை. "தேர்வுக்கு வராது, உட்கார்" என்றோம். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் எழவேயில்லை. பிரம்பைவிட அந்தச் சொல் மெல்லியதா, தோழர்களே?

பின்னர் வெட்கத்தோடு தேடிப் படித்தோம். துளை இருந்தால் பாவிழை மேலெழும். இல்லையேல் கீழே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் மயில் பிறக்கிறது. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை இது. இதே துளை அட்டையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்குக் கருவியாகக் கொண்டார். அந்தப் பொறியைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதி, தறியோடு அதனை ஒப்பிட்டு விளக்கியவர் ஏடா லவ்லேஸ் என்னும் பெண்! கணிப்பொறியின் வரலாறே ஒரு நெசவாளர் மகளின் வினாவிலே மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பைப் பிரிக்காமலே மூடியவர்கள் நாம்.

ஆகவேதான் நடராசன் அவர்களை நோக்குகிறோம். விக்கிரமாதித்தன் கதைக்குள்ளே விஞ்ஞானத்தை நுழைத்து, 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' என்ற நூலுக்காக 2014-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர் அவர். பழைய சட்டத்திலே புதிய பாவு ஏற்றத் தெரிந்தவர். ஆனால், அன்போடு ஒரு குறையும் சொல்வோம். ஆயிஷாவின் சாவு நம்மை உலுக்கியது, உலுக்கப்பட்டவர்கள் பெரியவர்களே. பதினைந்து வயதுப் பெண் அதைப் படிக்கையில், கேட்டவள் செத்தாள் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுவிடக் கூடாதல்லவா? தியாகியை வணங்குவது எளிது. உயிரோடிருந்து மறுநாளும் கேள்வி கேட்பவளுக்கு விடை சொல்வதுதான் கடினம்.

அடுத்த புதினத்தின் நாயகி சாகவேண்டாம். அவள் கேட்கட்டும், தவறட்டும், மறுபடியும் கேட்கட்டும். ஆசிரியர் "எனக்குத் தெரியாது, வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லும் ஓர் அத்தியாயம் வரட்டும். அறிவியல் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்திலே மட்டுமின்றி, நம் தெருவின் தறிக்குழியிலும் பிறக்கட்டும்.

நூல் வரும் வரை நாம் சும்மா இருப்பதா? இல்லை. அந்த மாணவியை அழைத்தோம். கரும்பலகையிலே துளைகளை வரைந்தோம். "உன் கேள்வியை மறுபடி கேளம்மா" என்றோம். அவள் தயங்கினாள். பிறகு எழுந்து நின்றாள்.

எழுத்தாளரே, அவள் நின்றுகொண்டிருக்கிறாள். விரைந்து எழுதுங்கள்!