கண் உண்டு, கண்ணோட்டம் உண்டா?

பெருந்துறைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையொன்றில் அண்மையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தோம். கடைக்காரர் தமது கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்திருந்தார். ஓடும் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஓர் இளைஞனை நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சி அதில் ஓடிற்று. முதுகில் பை, முகத்தில் வியர்வை. அவனுக்குத் தமிழும் தெரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னணியில் இசை முழங்கிற்று. சுற்றி நின்றோர் சிரித்தனர். மூலையில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும், “ஏனுங் தம்பி, அந்தப் பையன் எதுக்கு டிக்கட் எடுக்கலீன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. படம் அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அம்முதியவரின் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

குற்றமும் காவலும் காட்சிப் பொருளாவது புதிதன்று. அமெரிக்காவில் ‘காப்ஸ்’ என்னும் தொடர் 1989இல் தொடங்கிற்று. காவலரின் வாகனத்திலேயே ஏறிச் சென்று படமெடுப்பது அதன் முறை. ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்ட 2020ஆம் ஆண்டில், அதை ஒளிபரப்பிவந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. பின்னர் வேறோர் இடத்தில் அது மீண்டும் தலைகாட்டிற்று. பிரிட்டனிலோ பயணச்சீட்டின்றி வருவோரைப் பிடிப்பதையே பொருளாகக் கொண்ட தொடர் எழுந்தது. நம் நாட்டில் அவ்வேலையைக் கைப்பேசிகள் செய்கின்றன.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். ரயிலும் பேருந்தும் பொதுச் சொத்து. ஒருவன் கொடாத கட்டணத்தை மற்றவர் சுமக்கின்றனர். பரிசோதகர்கள் வசைக்கும் சில வேளை அடிக்கும் ஆளாகின்றனர். அவர்தம் உழைப்பை உலகம் காணட்டும் என்பதில் தவறில்லை. இவ்வளவையும் ஒப்புகிறோம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இருவகைப் பயணிகளை வேறு பிரிக்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்பவனை 137ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைக்கோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உள்ளாக்கும். உரிய சீட்டு இல்லாதவனிடம் கட்டணத்தையும் மிகைக்கட்டணத்தையும் வசூலிப்பதோடு 138ஆம் பிரிவு அமைந்துவிடும். மிகைக்கட்டணம் குறைந்தது 250 ரூபாய். இடையே நிற்பது எண்ணம் என்னும் ஒன்றே. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு ரயிலில், பொதுப்பெட்டியில் கால்வைக்க இடமின்றிப் படுக்கைப் பெட்டியில் ஏறிவிட்ட கூலித் தொழிலாளியும், பை நிறையப் பணம் வைத்துக்கொண்டு பரிசோதகரை ஏய்ப்பவனும் சட்டத்தின்முன் ஒருவரல்லர். காமிராவின்முன் ஒருவரே. எண்ணத்தைப் படமெடுக்கும் கருவி இன்னும் தோன்றவில்லை. நமது சிப்காட் ஆலைகளுக்கு வந்துசேரும் வடபுலத்துப் பிள்ளைகளை நினைத்தால் இவ்வேறுபாடு நமக்கு ஏட்டுச் செய்தி அன்று.

நம் கொங்கு மண்ணிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நாள்களில், திருப்பூர் மாவட்டக் காவல்துறையினர் பல்லடத்தில் ஒரு படம் எடுத்தனர். முகக்கவசமின்றி வந்த இளைஞர்களை நிறுத்தி, நோயாளி படுத்திருக்கும் ஆம்புலன்சுக்குள் ஏற்றுகின்றனர். இளைஞர்கள் அலறி, சன்னல் வழியே வெளியேற முட்டி மோதுகின்றனர். நோயாளியோ நடிப்பவர். விழிப்புணர்வு என்ற பெயரில் அப்படம் நாடெங்கும் சுற்றிற்று. பலர் விழுந்து விழுந்து சிரித்தனர். நோக்கம் நல்லதே எனினும் முறை நன்றன்று என்பது நம் கருத்து. நோயாளியைப் பேயாகக் காட்டிய ஒரு படம், நோயுற்றவனைக் கண்டு ஒதுங்கவே ஊருக்குக் கற்பித்தது. சட்டத்தில் இல்லாத தண்டனை ஒன்றும் அங்கே பிறந்தது: அச்சுறுத்தி அதைக் கண்டு மகிழ்தல்.

காமிராவே தீது என்று முடித்துவிடலாமா? கூடாது. 2024 மே மாதம் நாங்குநேரியில் நடந்ததை எண்ணுக. அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் பயணச்சீட்டு எடுக்க மறுத்து நடத்துநருடன் வாதிட்டார். அக்காட்சி கைப்பேசி வழியே பரவிற்று. உரிய வாரண்ட் இல்லாத காவலர் சீட்டு எடுத்தே தீரவேண்டும் எனப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அடுத்து, பல ஊர்களில் போக்குவரத்துக் காவலர் அரசுப் பேருந்துகளுக்கே அபராதம் விதிக்கலாயினர். இரு துறைச் செயலாளர்களும் பேசித் தணித்தனர். காவலரும் நடத்துநரும் தழுவிக்கொள்ளும் படமும் வெளிவந்தது. எளியவன் கையிலிருந்த காமிரா ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது என்பதை மறுக்கவியலாது. கவனிக்கத்தக்கது மற்றொன்று: அக்காவலருக்குத் துணைநிற்க ஒரு துறையே இருந்தது, தழுவி முடிக்க ஒரு வாய்ப்பும் கிட்டிற்று. ரயிலில் பிடிபட்ட இளைஞனுக்கு இரண்டும் இல்லை. எனவே காமிரா யார் கையில், யாரை நோக்கி, யாருடைய இசைவோடு என்பனவே நியாயத்தின் உரைகற்கள்.

நீதிமன்றங்களும் இவ்வழியே நடந்துள்ளன. ‘நக்கீரன்’ இதழ் தொடர்பான வழக்கில் 1994இல் நம் உச்ச நீதிமன்றம், தன்னைத் தனியே விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக நிலைநாட்டினர். லண்டனில், வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்ட ஒரு தம்பதியரைப் படமெடுத்துத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பிற்று; 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். பொதுநலன் என்ற வாதத்தை ஏற்காத நீதிமன்றம், 2018இல் தலைக்குப் பத்தாயிரம் பவுன் இழப்பீடு வழங்கிற்று. வாடகை பாக்கி உண்மை; வெளியேற்றமும் சட்டப்படியானது. ஆயினும் அவர்தம் துயரம் விற்பனைக்குரியதன்று.

இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் ஒரு வரலாற்றை எடுத்துரைக்கிறார். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து உள்ளே தீமை செய்துகொண்டிருந்தவனைக் கண்டார்கள். அவனோ, தான் செய்த தவறு ஒன்று, கலீஃபா செய்தவை மூன்று என்றான்: துருவியறிந்தது, வாசல் வழி வாராதது, ஸலாம் கூறி இசைவு பெறாதது. கலீஃபா அவனை விட்டு அகன்றார்கள். குற்றம் இல்லை என்பதனால் அன்று. குற்றத்தைக் கண்ட வழி தவறு என்பதனால். வள்ளுவரும் அரசியலில் ஒற்றாடலுக்கு முன்னே கண்ணோட்டத்தை வைத்தார். பார்க்கும் அதிகாரம் பெறுமுன் பரிவு பெறவேண்டும் என்ற முறை இது என நாம் கொள்கிறோம்.

இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்மையாக அமைய வழி உண்டு. முகம் மறைக்கப்படட்டும், பிடிபட்டவனின் மறுமொழி முழுமையாக இடம்பெறட்டும், பொதுப்பெட்டியின் நெரிசலும் அதே படத்தில் வரட்டும், பரிசோதகர் பிழை செய்த நாளும் காட்டப்படட்டும். இவை இல்லாதவரை அவற்றை நீதியின் ஆவணம் என ஏற்பதற்கில்லை. வேடிக்கை என்றே சொல்லவேண்டும்.

குற்றம் படமெடுப்பவனோடு நிற்பதுமில்லை. அன்று அக்கடையில் நாமும் தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். முதியவர் கேட்டபோதுதான் தலைகுனிந்தோம். அபராதம் கட்டியபின் அந்த இளைஞனின் கடன் தீர்ந்துவிடும். நாம் சிரித்த சிரிப்புக்கு யார் சீட்டுக் கிழிப்பது?