மிகைவிளைவும் நாகரிகமும்: சைல்டு கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

எளிய வேட்டுவர் கூட்டமாக வாழ்ந்த மக்கள் நகரும் அரசும் உடைய சமுதாயமாக உயர்ந்தது எவ்வாறு என்னும் வினாவுக்குப் பொருளியல் நோக்கில் விடை கூறியோருள் கோடன் சைல்டு தலையாயவர். உழவன் தன் குடும்பத் தேவைக்கு மேல் விளைவித்த உணவே கம்மியனையும் குருவையும் கணக்கனையும் வேந்தனையும் தாங்கிற்று என்பது 1936இல் அவர் வெளியிட்ட நூலின் துணிபு. 1958இல் வெளிவந்த பிறிதொரு நூலில், கீழைப் பேரரசுகள் திரட்டிய செல்வமே ஐரோப்பிய வெண்கலத் தொழிலை வளர்த்தது என்றும் அவர் வாதிட்டார்.

மன்னர் புகழையே வரலாறாகக் கொண்ட காலத்தில், கலப்பையையும் உலைக்களத்தையும் வரலாற்றின் நடுவே நிறுத்தியது சைல்டின் பெருஞ்சிறப்பாகும். எனினும், பின்வந்த கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு, மேலை ஐரோப்பியப் பெருங்கற் கல்லறைகள் பல எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்டவை எனக் காட்டிற்று. ஆகவே, உயர்ந்தவை யாவும் கிழக்கிலிருந்தே பரவின என்னும் கருத்துத் தளர்ந்தது. 1972இல் கொலின் றென்பிறூ, ஈஜியன் நிலப்பகுதியில் கோதுமை, ஒலிவம், திராட்சை ஆகியவற்றை வெவ்வேறு நிலத்தார் விளைவிக்க, அவற்றைத் திரட்டிப் பங்கிடும் தலைவர் தோன்றினர் என விளக்கினார். இதனால் வினாவின் போக்கே மாறிற்று. விளைந்தது எவ்வளவு என்பதனோடு, திரட்டியவர் யார் என்பதும் ஆராயத்தக்கதாயிற்று.

இவ்விரு கொள்கைகளையும் இலங்கைச் சான்றுகளில் உரைத்துப் பார்த்தல் பயன் தரும். லுணுகலையினின்று கீழிறங்கும் பாதை சென்றடையும் பிபிலைப் பகுதியில் நீல்கலைக் குகை உள்ளது. 1907இல் சரசின் உறவினர் இருவர் அங்குக் கற்கால வாழ்வின் தடயங்களைக் கண்டனர். பண்டாரவளையின் நுண்கற் கருவிகளை நூன் என்னும் பெயருடைய அறிஞர் இருவர் 1940இல் விளக்கினர். இம்மலைகளின் வேட்டுவர் நெடுங்காலம் வாழ்ந்தும் நகர் அமைக்கவில்லை. அனுராதபுரத்திலோ ஏறத்தாழ கி.மு. 900இல் இரும்பும் நெல்லும் குதிரையும் ஒருங்கே காணப்படுகின்றன. ஏறக்குறைய 10 ஹெக்டேயராக இருந்த அக்குடியிருப்பு கி.மு. 600 அளவில் 50 ஹெக்டேயருக்கும் மேல் விரிந்தது என்பர். வெண்கலக் காலம் ஒன்று தெளிவாக இடைப்படாமலே இவ்வளர்ச்சி நிகழ்ந்தமையால், சைல்டு வகுத்த படிமுறை இங்குப் பொருந்தவில்லை. உழவும் உலோகமும் இணைந்த இடத்தே நகர் எழும் என்னும் அவருடைய மூலக்கருத்தோ பொருந்துகின்றது.

ஆயின், அக்கருத்துக்கும் ஓர் எல்லையுண்டு. மலைநாட்டின் தென்சரிவிலுள்ள சமனலவாவிப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே இரும்பு உருக்கிய உலைகள் பலவற்றை ஜில் ஜூலெவ் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். அவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அரபு அறிஞர் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டிலேயே சரந்தீப உருக்கைக் குறித்துள்ளார். உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சிய உருக்கு விளைந்தும், அச்சரிவுகளில் அனுராதபுரம் போன்ற மாநகர் எழவில்லை. மிகைவிளைவு தோன்றும் இடம் வேறு. அது திரளும் இடம் வேறு.

இவ்வேறுபாடு ஊவா மக்களுக்குப் புதியதன்று. நூறாயிரம் வயல் எனப் பொருள்படும் வெல்லஸ்ஸவின் வளம் 1818இல் எழுச்சியை அடக்கிய படையினரால் பாழாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் மலைகள் தேயிலையால் போர்த்தப்பட்டன. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திலும் இலண்டன் சந்தையிலும் அத்தேயிலை விலைபெற்றது. அச்செல்வத்தால் மாளிகைகள் எழுந்தது அவ்விடங்களிலேயன்றி லயன்கள் நிறைந்த மலைகளில் அன்று.

ஆதலின், பெருங்கட்டடம் இல்லாத இடத்தில் வாழ்ந்தோரை ஆக்கத்திறன் குன்றியோர் எனக் கருதுதல் பிழையாகும். சைல்டு நெற்குவியலைக் காட்டினார். அது யாருடைய களஞ்சியத்தை நிறைத்தது என்பதையும் ஆராயும்போதே அவர் கொள்கை முழுமை பெறும்.