பச்சையில் நிற்கும் முள்

போடிநாயக்கனூரில் எங்கள் அடுக்களை வாசலில், ஏலக்காய் மூட்டையின் வாசனை எட்டும் தூரத்தில், செந்நிறத் தீயணைப்பான் ஒன்று சுவர்க் கொக்கியில் தொங்குகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ, மலையேற வந்தவர்கள் பலரின் பிராணனைக் கவர்ந்த துக்கத்தை அருகிருந்து கண்ட ஊராகையால், அந்தத் தீயணைப்பான்மேல் எனக்குத் தனியானதொரு பிரியம். சின்னஞ்சிறு வட்டக் கண்ணாடிக்குள் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதப்பிறப்புதோறும் பார்ப்பதும், அடியில் இறுகிய தூள் இளகும்படி அதைத் தலைகீழாய்க் கவிழ்த்து, உள்ளே அது சரியும் மெல்லோசையைச் செவிமடுப்பதும் எனக்குப் பூஜைக்கு நிகரான நியமம். கேஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயோ, பாவம், கவனிப்பாரற்றது. ஆனாலும் நான் அதன்மேல் பொறித்த வருஷத்தைப் படித்து, 5 ஆண்டு கழிந்ததும், வெடிப்பேதும் கண்ணுக்குத் தென்படாவிட்டாலும், தயங்காமல் மாற்றிவிடுகிறேன்.