பாலத்தின் காலடியில் பச்சைக்கல்

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் படம் எடுப்பவர்கள், அதன் தென்கோபுரம் ஊன்றி நிற்கும் பாறையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கோ அந்தப் பாறைதான் பிடிக்கும். பெயர் செர்பன்டினைட். கரும்பச்சை, இடையிடையே வெளிர்நீலம். விரலால் தடவினால் சோப்புக்கட்டி போல வழுக்கும்.

டைனோசர் காலத்தில் ஃபாரலான் கடல்தட்டு வட அமெரிக்காவின் அடியில் புதைந்துகொண்டிருந்தது. புதையும் தட்டு கக்கும் நீர், மேலிருக்கும் மேன்டில் பாறைக்குள் ஏறும். ஆலிவின் கனிமம் அந்த நீரைக் குடித்து உப்பும், அடர்த்தி குறையும், வழுவழுப்பான பச்சைக்கல்லாகி, பிளவுகள் வழியே பிதுங்கி மேலே வரும்.

இந்தக் கல்லா கோபுரத்தைத் தாங்கும் என்று 1930களில் புவியியலாளர் பெய்லி வில்லிஸ் மல்லுக்கு நின்றார். தாங்கும் என்றார் இன்னொரு புவியியலாளர் ஆண்ட்ரூ லாசன். 1937இல் பாலம் திறக்கப்பட்டது, லாசன் ஜெயித்தார். 1965இல் கலிபோர்னியா இதையே மாநிலப் பாறையாக அறிவித்தது.

போனால் கரையோரம் இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். உடைத்துப் பொடியாக்க மட்டும் வேண்டாம். உள்ளே கல்நார் இழை இருக்கலாம்.