டோட்டல் வரி தப்பா?

பவர் பிஐ-யில் ரிப்போர்ட் செய்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "மேல ஒவ்வொரு வரியும் சரியா வருது, டோட்டல் மட்டும் தப்பா வருதே?" பெரும்பாலும் டோட்டல் சரியாகத்தான் இருக்கும்.

ஆண்டிமடம் பக்கம், எங்கள் வரதராஜன்பேட்டை முந்திரிக்காட்டை வைத்தே பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஒருவருக்கு 1 ஏக்கரில் 6 மூட்டை கொட்டை. இன்னொருவருக்கு 9 ஏக்கரில் 18 மூட்டை. மொத்த விளைச்சல் ஒரு மெஷர், மொத்தப் பரப்பு இன்னொரு மெஷர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏக்கருக்கு 6, 2 என்று வரும். டோட்டலில் 4 இல்லை, 2.4 வரும். ஏனென்றால் மென்பொருள் மேலே வந்த விடைகளைச் சராசரி எடுப்பதில்லை. அந்த வரிக்கும் முதலிலிருந்து 24-ஐ 10-ஆல் வகுக்கிறது. ஏக்கருக்கு 4 என்றால் 10 ஏக்கருக்கு 40 மூட்டை வேண்டும். மீதி 16 மூட்டை எங்கே?

ஆவரேஜ்எக்ஸ் போட்டு 4 வரவழைப்பவர்கள் உண்டு. அது 'விவசாயிகளின் சராசரி' என்ற வேறு கேள்விக்கான விடை. தலைப்பை மாற்றாமல் அதைப் போடுவதுதான் தப்பு.

என் உண்மையான குறை டிவைட் ஃபங்ஷன் மேல். சாதாரண வகுத்தல் குறி போட்டால், கீழே பூஜ்யம் வரும்போது இன்ஃபினிட்டி என்று அசிங்கமாகக் காட்டும். டிவைட் போட்டால் வெற்றிடம். பாடம் எடுப்பவர்கள் எல்லாரும் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் மூன்றாவதாக ஒருவர், 6 மூட்டை, பரப்பு நிரப்பாமல் விட்டிருக்கிறார் என்று வையுங்கள். விகிதம் மட்டும் உள்ள டேபிளில் அவர் வரியே காணாமல் போகும். டோட்டலிலோ அவர் 6 மூட்டை உள்ளே இருக்கும்: 30 வகுத்தல் 10, ஏக்கருக்கு 3. இன்ஃபினிட்டி வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இந்த 3-ஐ யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு ரிப்போர்ட்டை நானே அனுப்பியிருக்கிறேன். பிடிபட்டது பல வாரம் கழித்துத்தான்.

கீழே எதைப் போடுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல்கட்ட எண்ணிக்கைப்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 77.85 கோடி. மொத்த மக்கள்தொகையான 121.02 கோடியால் வகுத்தால் 64.3 சதவீதம். 6 வயது வரை உள்ள 15.88 கோடிக் குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்தால் 74.04. அறிவிக்கப்பட்டது இரண்டாவது; ஏழு வயதுக்கு மேல்தான் கணக்கு என்று சேர்த்தே சொன்னார்கள். நம் ரிப்போர்ட்களில் அந்தக் குறிப்புதான் இருப்பதில்லை.

இப்போதெல்லாம் விகிதத்தைத் தனியாகக் காட்டுவதில்லை. மேல் எண், கீழ் எண் இரண்டையும் பக்கத்திலேயே வைக்கிறேன். மூன்றாவது விவசாயியின் 6 மூட்டையும் காலியான கட்டமும் அப்போது கண்ணில் படும். டேபிள் கொஞ்சம் அகலமாகும், பரவாயில்லை.