தஸ்தாவேஜும் சாவியும்

கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் கடிதப் போக்குவரத்தையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலம் போய், மாதச் சந்தா கட்டி அவற்றைக் கிளவுட் சேமிப்பில் ஒப்படைக்கும் காலம் வந்த பிறகு, வியாபார ஸ்தாபனங்களின் நிர்வாகிகள் முன்னால் இரண்டு விலைப்பட்டியல்கள் வைக்கப்படுகின்றன: ஒன்று, கடவுச்சொற்களைக் காக்கும் சேவைகளுடையது, மற்றொன்று, பழைய தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்கும் சேவைகளுடையது. இவ்விரண்டையும் தனித்தனியே ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் மலிவானதையோ பெயர் பெற்றதையோ தேர்ந்தெடுப்பதே வழக்கமாகிவிட்டது. அந்த ஒப்பீட்டு முறையே பிசகானது என்பது என் அபிப்பிராயம். களஞ்சியத்தைத் திறக்கவும் அழிக்கவும் வல்ல அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இரண்டு பட்டியல்களுக்கும் நடுவே விழுந்து காணாமற்போகிறது.

கடவுச்சொல் காப்புச் சேவைகளால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. வங்கிக் கணக்கின் ரகசியத்தை எக்செல் தாளில் எழுதி அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சலில் அனுப்பும் பழக்கத்தோடு ஒப்பிட்டால், லாஸ்ட்பாஸ், ஒன்பாஸ்வேர்டு, பிட்வார்டன் ஆகிய எதுவுமே மேலானதுதான். பயனரின் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் சாவியைக் கொண்டு ரகசியங்கள் அவருடைய கணினியிலேயே குறியாக்கம் செய்யப்படுவதால், சேவை நடத்துபவர்களே நினைத்தாலும் அவற்றைப் படிக்க முடியாது என்பது இவற்றின் பொதுவான விசேஷம்.

ஆயினும் 2022-ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸுக்கு நேர்ந்ததை ஊன்றிப் பார்க்க வேண்டும். அந்நிறுவனம் வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளை அமேசானின் கிளவுட் சேமிப்பில் வைத்திருந்தது. அதைத் திறக்கும் சாவிகளை அணுகும் உரிமை நான்கே பொறியாளர்களுக்கு இருந்தது. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில், வேறொரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்த ஓட்டை வழியாக நுழைந்த திருடர், அவர் தட்டச்சு செய்த முதன்மைக் கடவுச்சொல்லைக் கவர்ந்து, அதன் மூலம் சாவிகளையும், சாவிகளின் மூலம் பிரதிகளையும் கைப்பற்றினார். உள்ளிருந்த கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன என்பது உண்மையே. ஆனால் இணையதள முகவரிகள் அப்படி இல்லாமையால், எந்தப் பெட்டகத்தை உடைப்பது லாபகரமானது என்று நிதானமாகத் தெரிந்தெடுக்கும் வசதி திருடருக்குக் கிட்டியது. கடவுச்சொல் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஸ்தாபனத்தின் களஞ்சியம், ஒரு கடவுச்சொல்லாலேயே பறிபோயிற்று. நான் சொல்ல வந்த வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேண்டியதில்லை.

ஒன்பாஸ்வேர்டு இத்தகைய அபாயத்துக்கு வேறொரு பரிகாரம் கண்டிருக்கிறது. பயனரின் கடவுச்சொல்லோடு, அவருடைய கருவியிலேயே உருவாகும் 128 பிட் ரகசியச் சாவி ஒன்றும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். அச்சாவி நிறுவனத்திடம் போவதே இல்லையாதலால், பெட்டகத்தின் பிரதியை மட்டும் திருடியவர் கடவுச்சொல்லை ஊகித்துப் பயனில்லை. இதன் குறை, சாவியைத் தொலைத்த ஊழியருக்கு நிர்வாகியே கதி என்றாவது. அதாவது அதிகாரம் மீண்டும் ஒருவரிடமே குவிகிறது. பிட்வார்டனின் மூலநிரல் பகிரங்கமானது, சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். அதைப் பராமரிக்க ஆள் இல்லாத ஸ்தாபனத்துக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இனிக் களஞ்சியங்கள். 2012-இல் அமேசான் தொடங்கிய கிளேசியர் சேவையும், பின்னர் அதைப் பின்பற்றி வந்தவையும், ஒரு கோப்பு தானாக அழிந்துபோகும் வாய்ப்பை ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டன. பதினொரு ஒன்பதுகள் கொண்ட சதவீதத்தை அமேசான் தன் உறுதிப்பாட்டின் அளவாகக் கூறுகிறது. வேறுபாடு மீட்கும் வேகத்திலும் நிபந்தனைகளிலும் இருக்கிறது. அமேசானின் டீப் ஆர்க்கைவில் வைத்த கோப்பைத் திரும்பப் பெற 12 மணி நேரமும், மலிவான வழியில் 48 மணி நேரமும் ஆகலாம். மைக்ரோசாஃப்ட் அஷூரில் 15 மணி நேரம் வரை பிடிக்கும். கூகுளின் ஆர்க்கைவ் வகை உடனே தருகிறது, ஆனால் 365 நாட்களுக்கு முன் அழித்தாலும் அந்த மீதிக்காலத்துக்குரிய கட்டணத்தை விடுவதில்லை. இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டியவருக்கு இவை சகிக்கத்தக்க நிபந்தனைகளே.

ஆனால் அந்தப் பதினொரு ஒன்பதுகள், உரிமையுள்ளவர் பெயரில் வரும் அழிப்புக் கட்டளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மூலநிரல் காப்பகமாக விளங்கிய கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம், 2014 ஜூனில் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகையை ஒரு மிரட்டல்காரரிடம் இழந்தது. அதை அவர்கள் மீட்க முயன்றபோது, அவர் தரவுகளோடு காப்புப் பிரதிகளையும் அழித்துவிடவே, தொழிலையே மூட நேர்ந்தது. பகைமை இல்லாமலும் இது நடக்கும்: 2024 மே மாதத்தில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் தனியார் கிளவுட், கூகுள் தரப்பில் ஓர் அமைப்பு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால் தானாகவே அழிக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்த முன்யோசனை மீட்சிக்குப் பெருந்துணையாயிற்று.

இத்தகைய விபரீதங்களுக்கு எதிராக அமேசான் தரும் ஆப்ஜெக்ட் லாக் என்னும் பூட்டு உண்மையிலேயே சிறந்த கருவி. அதன் கடுமையான வகையில், குறித்த தவணை முடியும்வரை கணக்கின் மூல உரிமையாளரும் கோப்பை அழிக்க முடியாது. கடுமைக்கும் ஒரு விலை உண்டு: தவறான கோப்பைப் பத்தாண்டுக்குப் பூட்டிவிட்டால் பத்தாண்டும் கட்டணம் செலுத்த வேண்டும், அழிக்கச் சட்டம் உரிமை தந்த ஒருவருடைய சொந்த விவரம் அதற்குள் இருந்தால் சங்கடம் இரட்டிப்பாகும். இதற்கும் மேலே, விற்பனைத் துண்டறிக்கைகளில் காணாத ஒரு புறவழி இருக்கிறது. அந்தக் கோப்பை முன்கூட்டியே ஒழிக்க ஒரே மார்க்கம் கணக்கையே மூடிவிடுவது என்று அமேசானின் ஆவணமே கூறுகிறது. ஆகவே எத்தனை பூட்டு இருந்தாலும், மூலக் கணக்கின் கடவுச்சொல் எவரிடமோ, களஞ்சியத்தின் ஆயுள் அவரிடம். குறியாக்கச் சாவியின் நிலையும் அதுவே: சாவி மேலாண்மைச் சேவையில் அதை நீக்க உத்தரவிட்டால், 7 முதல் 30 நாட்கள் காத்திருப்புக்குப் பின் அது ஒழிந்துபோகும், கோப்புகள் பூட்டியபடி பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் எவராலும் ஆகாது.

எனவே, ஒரு சிறு ஸ்தாபனம் என்னை ஆலோசனை கேட்குமானால், எந்தக் களஞ்சியம் மலிவு என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூலக் கணக்கின் கடவுச்சொல்லை அன்றாட ஊழியர்கள் பகிரும் பெட்டகத்தில் வைக்கலாகாது. அதை இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் கருவியோடு இரண்டு பங்குதாரர்கள் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காப்புப் பிரதிகளுக்கு வேறு நிறுவனத்தில், வேறு உரிமையாளர் பெயரில், ஒரு தனிக் கணக்கு வேண்டும். அந்த இரண்டாம் சந்தாவை வீண்செலவு என்று கணக்கர் ஆட்சேபிப்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேளாதிருப்பது நலம்.