தாழிட்ட கதவு

பேய்ப்படங்களை விரும்பிப் பார்க்கிறவன் என்று சொல்லிக்கொண்டால் நம் எழுத்து நண்பர்களிடமிருந்து ஒரு மாதிரியான சிரிப்புத்தான் கிடைக்கிறது. பெர்க்மன் என்றால் பேசலாம். பயத்துக்காகவே எடுத்த படமென்றால் அது முதிராத ரசனை. (அந்த பெர்க்மனும் 1968ல் 'அவர் ஆஃப் தி உல்ஃப்' எடுத்தவர்தான்.) பள்ளிப் பருவத்திலிருந்து இந்தப் படங்களோடு இருந்துவருகிற எனக்கு இந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை.

ழாக் தூர்னெர் 1943ல் எடுத்த 'தி லெப்பர்ட் மேன்' என் கட்சிக்குப் போதும். தயாரித்தவர் வால் லூட்டன். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ இவருக்குத் தலைப்பை முன்கூட்டியே கொடுத்துவிடும். 1,50,000 டாலருக்குள், 75 நிமிஷத்துக்குள் முடித்தாக வேண்டும். பணமில்லாததால் இருட்டை உபயோகித்தார்கள் என்று சொல்வதுண்டு. பணமில்லாமல் இருட்டில் படமெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் இருட்டு மட்டுமே மிஞ்சியது.

நியூ மெக்ஸிகோவில் ஒரு சிற்றூர். கேளிக்கை விடுதியின் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்த கருஞ்சிறுத்தை தப்பிவிடுகிறது. இரவு, ஏழை வீடொன்றில் தாய் மகளைச் சோளமாவு வாங்கி வரச் சொல்கிறாள். பெண் தயங்குகிறாள். தம்பி கைநிழலால் சுவரில் சிறுத்தை காட்டிக் கேலி செய்கிறான். தாய்க்குப் புருஷனின் சாப்பாடுதான் பெரிசு. மகளை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிடுகிறாள். பக்கத்துக் கடை மூடிவிட்டது. பெண் வறண்ட ஓடையைக் கடந்து, ரயில் பாலத்தடி இருட்டில் நடக்கிறாள். தலைக்கு மேல் ரயில் தடதடக்கிறது. பிறகு ஓட்டம். அவள் வீட்டு வாசலை அடையும்போது காமிரா உள்ளே, தாயின் பக்கம் இருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. பாசாங்கு என்று நினைக்கிறாள் தாய். அலறல் கேட்டு ஓடும்போது தாழ் நகர மறுக்கிறது. கதவுக்கடியில் ரத்தம் உள்ளே வழிகிறது.

சிறுத்தை கொல்வதை நாம் பார்ப்பதேயில்லை. பயம் கதவுக்கு இந்தப் பக்கம், அடுப்பும் வசவும் இருக்கிற பக்கம், இருக்கிறது.

நாலு நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போனார்கள். இரண்டு பெண்களுக்குத் தகப்பனான ஒருவர் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். அதை நல்ல விமர்சனமாகவே எடுத்துக்கொண்டேன்.

படம் முழுக்க இந்தத் தளத்தில் இல்லை. பின்பாதி துப்பறியும் கதையாகிறது. கொலைகாரனுக்கு முகம் கிடைத்ததும் சாதாரணமாகிவிடுகிறது. தூர்னெரின் 'நைட் ஆஃப் தி டெமன்' (1957) படத்திலோ, அவர் விருப்பத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் ஆரம்பத்திலேயே பூதத்தைக் காட்டிவிட்டார். காற்றும் மரங்களும் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு பொம்மை செய்கிறது.

நம் படங்களில் இந்தப் பொம்மைக்குப் பதில் பிளாஷ்பேக். 'காஞ்சனா'வில் (2011) ஆவிக்கு ஒரு வழக்கு இருக்கிறது: நிலம் பறிபோயிற்று, கொலை நடந்தது. அநியாயம் நிஜமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழி தீர்ந்ததும் கணக்கு நேராகி, பயமும் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. பகலெல்லாம் வங்கியில் நான் செய்வதும் இதுதான். ராத்திரிக்கும் இதே வேலையா? சோளமாவு வாங்கப் போன பெண் நம் படமொன்றில் ஆவியாக வந்தால் யாரைத் தேடிப் போவாள்? தாயையா?